இரண்டாம் இரவின் அழுகை

சிசேரியன் முடிந்த இரண்டாம் நாள் இரவில்தான் அந்த அழைப்பு வழக்கமாக வரும். "டாக்டரம்மா, இவளுக்குப் பாலே ஊறவில்லை. பிள்ளை வீரிட்டு அழுகிறது. பவுடர் பால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்." பேசுவது பெரும்பாலும் பாட்டி. பெற்றவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்றை எடுத்துக் காட்டுவேன். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் சொட்டும் சீம்பாலே அதற்குப் போதும். பால் நிறையச் சுரக்க 2 முதல் 4 நாட்கள் ஆகும். சிசேரியனில் சற்றுத் தாமதமாகலாம்.

இரண்டாம் இரவில் பல குழந்தைகள் விடிய விடிய மார்பையே தேடும். அழுகையை விட்டுவிட்டு, நனைந்த துணிகளை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு இருக்க வேண்டும். பிறந்த எடை முதலில் கொஞ்சம் இறங்கி, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, பாலுக்குக்கூட எழாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, யார் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் சுரக்கும். அன்றிரவு புட்டியில் 60 மில்லி கொடுத்தால் குழந்தை அயர்ந்து தூங்கும், வீடும் நிம்மதியாகும். ஆனால் குழந்தை சப்பாத மார்பில் சுரப்பு குறையும். பத்தாம் நாள் "அன்றைக்கே சொன்னேனே" என்பார் பாட்டி. அப்போது அவர் சொல்வது உண்மையாகவே ஆகியிருக்கும்.

பவுடர் பால் தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாய்க்குப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கலாம். எல்லா முயற்சிக்குப் பிறகும் பால் போதாமல் போகலாம். அந்தப் பெண்களைக் குற்றவாளிபோல் நடத்துபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கொடுப்பதென்றால் சரியாகக் கரைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மாதக் குழந்தை ஒன்று எடையே ஏறாமல் வந்தது. கரைத்துக் காட்டச் சொன்னேன். தாய் 60 மில்லி தண்ணீரில் ஒரே ஒரு கரண்டி போட்டார். டப்பாவில் இரண்டு என்று அச்சிட்டிருந்தது. "மாசக் கடைசி வரை வர வேண்டுமே, டாக்டர்" என்றார். தண்ணீர் கூடினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம். விலையைப் பற்றி முதல் நாளே பேசியிருக்க வேண்டியது நான்தான்.

பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. டப்பாவில் குழந்தைப் படம்கூடக் கூடாது. விளம்பரம் செய்ய முடியாத வேலையை உறவினர்களின் வாய் செய்துவிடுகிறது.

சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேன் ஆபத்து.

கறந்த தாய்ப்பாலோ பவுடர் பாலோ, முதல் நாட்களில் புகட்ட வேண்டியிருந்தால் பாட்டியிடம் நான் கேட்பது புட்டியை அல்ல, வீட்டுச் சங்கை. நன்றாகக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்து, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கடைவாயில் சிறுகச் சிறுக, விழுங்க விழுங்கப் புகட்ட வேண்டும். அதைப் பாட்டி என்னைவிட நன்றாகச் செய்வார்.