கடற்போரைத் தீர்மானிக்கும் தொடுவானம்: நாகூர் முதல் மலாக்கா வரை ஒரு கணக்கு

நாகூர் தர்காவின் பெரிய மினாரா ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுப்பிக் கொடுத்தது. வானம் தெளிந்த நாளில் கரை திரும்பும் படகுக்கு முதலில் அதன் உச்சி தெரியும். நெருங்க நெருங்கத்தான் நடுப்பகுதியும், பிறகு கரையோரக் கட்டடங்களும் நீருக்கு மேலே எழுந்து வரும். பார்வையின் குறை அல்ல இது. பூமி வளைந்திருப்பதால் இடையில் இருக்கும் கடலே மேடாக நின்று மறைக்கிறது.

எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானம் 5 கி.மீ. மினாரா உச்சியின் தொடுவானம் 22.6 கி.மீ. இரண்டையும் கூட்டினால் சுமார் 28 கி.மீ. அதற்கு அப்பால் எத்தனை நல்ல தொலைநோக்கி வைத்திருந்தாலும் மினாரா தெரியாது.

விமானந்தாங்கிக் கப்பல் வேண்டுமா, நீர்மூழ்கிக் கப்பல் போதுமா, கரையிலிருந்து பறக்கும் போர் விமானங்களே கடலைக் காத்துவிடுமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதில் டன் கணக்கும் கோடிக் கணக்கும் அடிக்கடி பேசப்படுகின்றன. இந்த வர்க்கமூலக் கணக்கை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பேசியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ரேடார் அலைகள் காற்றில் சற்றே வளைந்து செல்வதால் ரேடாருக்கு 3.57க்குப் பதில் 4.12 என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு போர்க்கப்பலின் ரேடார் நீர்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் சுழல்கிறது என்று கொள்வோம். அலைகளை ஒட்டி 5 மீட்டர் உயரத்தில் பறந்து வரும் ஏவுகணையை அது எப்போது பார்க்கும்? 20.6 கி.மீ.யும் 9.2 கி.மீ.யும் சேர்ந்து சுமார் 30 கி.மீ. ரேடாரின் ஆற்றலைப் பத்து மடங்கு கூட்டினாலும் இந்த எண் மாறாது. ஒலியின் வேகத்தைவிடச் சற்றே குறைவாக வரும் ஏவுகணை அந்த 30 கி.மீ.யை ஏறத்தாழ 100 விநாடிகளில் கடந்துவிடும். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் வந்தால் 45 விநாடிகள்கூட இல்லை. அதற்குள் கண்டுபிடித்து, எதிரிதான் என்று உறுதிசெய்து, எதிர் ஏவுகணையைச் செலுத்தி, அது தவறினால் இன்னொன்றையும் செலுத்த வேண்டும்.

இது எவ்வளவு கொடிய கணக்கு என்று உலகம் 1967ஆம் ஆண்டிலேயே பார்த்தது. எகிப்தின் சிறிய ஏவுகணைப் படகுகள் இஸ்ரேலின் எய்லாட் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பரில் அதே வகை ஏவுகணைகளைக் கொண்டுதான் நம் கடற்படையின் சிறு படகுகள் கராச்சிக்கு அருகே பாகிஸ்தானின் கைபர் கப்பலை மூழ்கடித்தன. ஆனால் தொடுவானம் என்பதை முழுமையாகப் புரிந்துகொள்ள 1982ஆம் ஆண்டின் ஃபாக்லாந்து போரைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு மே 4 அன்று அர்ஜென்டினாவின் நெப்டியூன் ரக ரோந்து விமானம் ஒன்று தன் ரேடாரில் பிரிட்டிஷ் கப்பல்களைக் கண்டது. அது தந்த தகவலை வைத்துக்கொண்டு இரண்டு சூப்பர் எட்டென்டார் போர் விமானங்கள் கிளம்பின. அவை கடலை ஒட்டித் தாழ்வாகவே பறந்தன. கப்பலின் ரேடாருக்கு அவை தொடுவானத்துக்குக் கீழே. இலக்கு நெருங்கியதும் சில விநாடிகள் மட்டும் மேலே எழும்பித் தங்கள் ரேடாரால் பார்த்துவிட்டு, எக்சோசெட் ஏவுகணைகளை விட்டுத் திரும்பிவிட்டன. ஷெஃபீல்டு என்ற நவீனப் போர்க்கப்பல் தாக்கப்பட்டது. 20 பேர் இறந்தார்கள். எரிந்து கருகிய கப்பல் ஆறு நாள்களுக்குப் பிறகு மூழ்கியது.

பிரிட்டனிடம் அப்போது இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் அந்தக் கடலில் இருந்தன. அவற்றில் போர் விமானங்களும் இருந்தன. உயரத்திலிருந்து ரேடாரால் பார்க்கும் விமானம் மட்டும் இல்லை. அந்த வேலையைச் செய்துவந்த கேனட் விமானங்கள், அவற்றைச் சுமந்த பழைய ஆர்க் ராயல் கப்பலோடு 1978ஆம் ஆண்டிலேயே ஓய்வுபெற்றுவிட்டன. ஷெஃபீல்டு போன பிறகுதான் சீ கிங் ஹெலிகாப்டர்களில் அவசரமாக ரேடாரைப் பொருத்தினார்கள். அவை களத்துக்கு வருவதற்குள் போர் முடிந்துவிட்டது. அந்த இரு கப்பல்களில் ஒன்றான ஹெர்மஸ்தான் பின்னாளில் ஐஎன்எஸ் விராட் என்ற பெயரில் 1987 முதல் 2017 வரை நம் கடற்படையில் பணியாற்றியது.

ரேடாரை உயரத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 25 மீட்டரில் 20 கி.மீ. பார்க்கும் ரேடார், 3,000 மீட்டரில் 225 கி.மீ. பார்க்கும். 9,000 மீட்டரில் 390 கி.மீ. வர்க்கமூலம் என்பதால் உயரம் கூடும் அளவுக்குத் தூரம் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் கப்பலின் உச்சிக்கும் வானத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் விநாடிகளுக்கும் நிமிடங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

நம்முடைய விக்ரமாதித்யா, 2022 செப்டம்பரில் கொச்சியில் பணியில் சேர்ந்த விக்ராந்த் ஆகிய இரண்டும் சுமார் 45,000 டன் எடையுள்ளவை. இரண்டிலும் ஓடுதளத்தின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் தன் எஞ்சினின் விசையால் மட்டுமே ஓடி வந்து, அந்த வளைவில் ஏறி மேல்நோக்கி எறியப்படுகிறது. ஓடுதளத்தை விட்டு நீங்கும் நொடியில் அதன் இறக்கைகள் எடையை முழுதாகத் தாங்கும் வேகத்தை எட்டியிருப்பதில்லை. மேல்நோக்கிக் கிடைத்த அந்த உந்துதல் சில விநாடிகளைக் கடன் கொடுக்கிறது. அதற்குள் வேகம் பிடித்து விமானம் பறந்துவிட வேண்டும். மிக்-29கே போல எடைக்கு ஈடான எஞ்சின் விசை கொண்ட போர் விமானங்களுக்கு இது முடியும். 2025 ஏப்ரலில் ஒப்பந்தமான 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கும் முடியும். ஆனால் பெரிய ரேடார் தட்டைச் சுமந்துகொண்டு விசிறி எஞ்சினால் மெதுவாகப் பறக்கும் ஹாக்கை போன்ற 25 டன் விமானத்துக்கு முடியாது. அதை நீராவியாலோ மின்காந்தத்தாலோ இயங்கும் பொறியில் கொக்கி மாட்டி இழுத்துத்தான் எறிய வேண்டும். அமெரிக்கக் கப்பல்களில் அந்தப் பொறி உண்டு. 2022ஆம் ஆண்டு சீனா கடலில் இறக்கிய ஃபூஜியானிலும் உண்டு. நம் கப்பல்களில் இல்லை.

அதனால் நம் கப்பல்களின் உயரக் கண் காமோவ்-31 ஹெலிகாப்டர். வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் ரேடாரைப் பறக்கும்போது விரித்துச் சுழற்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது எழும்பும் உயரம் 3,000 மீட்டர் அளவுதான் என்பதால் அதன் எல்லை மேலே சொன்ன 225 கி.மீ.; ஒரு முறை எழும்பினால் இரண்டரை மணி நேரம் அளவுக்குத்தான் நிற்கும்.

இனி டெல்டாவுக்கு வருவோம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று 222ஆம் படைப்பிரிவு நிலைகொண்டது. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் சுகோய்-30 படைப்பிரிவு அது. வல்லத்துப் பக்கமும் தஞ்சை நகரிலும் இருப்பவர்களுக்கு அந்த விமானங்களின் இடிமுழக்கம் பழகிப்போயிருக்கும். அவற்றின் தனிச்சிறப்பு, வயிற்றில் இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்து சென்று கடலில் இருக்கும் கப்பலைத் தாக்குவது.

இடத்தேர்வு அருமையானது என்பதில் ஐயமில்லை. பாக் நீரிணை ஆழமற்றது. பெரிய கப்பல்கள் அவ்வழியே போக முடியாமல் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. அந்தத் தீவின் தென்முனை தஞ்சையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 550 கி.மீ. இலங்கையின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போனாலும் சுகோய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் வேலை.

மலாக்கா நீரிணையின் மேற்கு வாய் வேறு கதை. தஞ்சையிலிருந்து சுமார் 1,800 கி.மீ.; பறந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். ஓர் எதிரிக் கப்பல் அங்கே தென்பட்டதாகச் செய்தி வந்தவுடனே கிளம்பினாலும், விமானம் போய்ச் சேர்வதற்குள் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் அந்தக் கப்பல் எந்தத் திசையிலும் 90 கி.மீ. நகர்ந்திருக்கும். 90 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 25,000 சதுர கி.மீ.; பிரிக்கப்படாத பழைய தஞ்சை மாவட்டத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சுகோயின் ரேடார் உயரத்திலிருந்து அந்த வட்டத்தைத் தேட முடியும். ஆனால் உலகின் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்று அது. திரையில் தெரியும் புள்ளிகளில் எது போர்க்கப்பல், எது எண்ணெய்க் கப்பல் என்று பிரித்தறிய யாராவது முன்பே அங்கே இருந்து பின்தொடர்ந்திருக்க வேண்டும்.

பிரமோஸின் வேகத்துக்கு உண்மையான மதிப்பும் இங்கேதான் இருக்கிறது. ஒலியைப் போல் 2.8 மடங்கு வேகத்தில் 290 கி.மீ.யை அது ஐந்து நிமிடங்களில் கடக்கும். அதற்குள் இலக்கு 4 கி.மீ. தான் நகரும். ஒலியைவிட மெதுவான ஏவுகணைக்கு 16 நிமிடங்கள். இலக்கு 12 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். கடைசிக் கட்டத்தில் ஏவுகணை தன் சிறிய ரேடாரால்தான் இலக்கைத் தேட வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம் பெரியது.

தொடுவானக் கணக்கு எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதற்கும் டெல்டாவிலேயே சான்று உண்டு. 1980களில் கடலோர ஊர்களின் கூரைகளில் உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர்கள் ஏராளம். அதன் முதன்மைக் கோபுரம் நின்ற பிதுருதலாகல மலையின் உச்சி 2,524 மீட்டர். அதன் தொடுவானம் 207 கி.மீ. நாகைக்கோ 400 கி.மீ.க்கும் மேல். கணக்குப்படி படம் வந்திருக்கவே கூடாது. வெப்பமான கடலுக்கு மேலே ஈரக் காற்றும் உலர்ந்த காற்றும் அடுக்கடுக்காகப் படியும்போது அலைகள் கடலை ஒட்டியே வளைந்து நெடுந்தூரம் போகும். ரேடாருக்கும் இது நிகழும். சில நாள்களில் தொடுவானத்தைத் தாண்டியும் கப்பல்கள் தெரியும். மறுநாள் காற்று மாறினால் ஒன்றும் தெரியாது. நம்பி ஒரு கடற்படையை நடத்த இது உதவாது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். தாழ்வான பாதையில் அது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஓர் இடத்தின் மேல் சில நிமிடங்கள்தான் இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் இடைவெளி குறையும், அவ்வளவுதான்.

நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு அன்றைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வெளிப்படையாகவே பேசினார். அவர் பக்கம் வலுவான அறிவியல் இருக்கிறது. ரேடார் அலைகள் உப்புநீருக்குள் போகாது. பெரும்பாலும் ஒலியால்தான் தேட முடியும். வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எனப் பேராறுகள் கொட்டும் நன்னீர் மேலே உப்புக் குறைந்த அடுக்காக மிதக்கிறது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் கொண்டுவருவது அதில் சிறு பங்கு. நீரின் வெப்பமும் உப்பும் மாறும் இடங்களில் ஒலி வளைந்து போகிறது. ஒளிந்துகொள்ள நல்ல கடல் இது. ஆனால் அந்த நீர்மூழ்கி தன் பெரிஸ்கோப்பை நீருக்கு மேலே நீட்டினால் அதன் தொடுவானம் நம் படகுக்காரருடையதைப் போன்ற 5 கி.மீ.தான். தொலைவில் யார் வருகிறார்கள் என்பதை அதற்கும் வேறு யாரோதான் சொல்ல வேண்டும்.

ஆகவே மூன்று தரப்புக்கும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உயரத்தில் இருந்து, விடாமல், யார் பார்க்கப்போகிறார்கள்? மூன்றாவது விமானந்தாங்கிக் கப்பலும் வளைந்த ஓடுதளத்தோடுதான் வரும் என்றால் அதன் கண் 225 கி.மீ. என்ற எல்லைக்குள்ளேயே நிற்கும். அதைக் கட்டுவதற்கு முன் விமானத்தை இழுத்தெறியும் பொறியைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். தஞ்சை விமானங்கள் மலாக்கா வரை போய் நின்று காக்க வேண்டுமென்றால் வானில் எரிபொருள் ஊட்டும் விமானங்கள் தேவை. இந்தியா வாங்கிய ஐஎல்-78 விமானங்கள் ஆறே ஆறு.

2024 அக்டோபரில் ஒப்பந்தமான 31 எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்களில் 15 கடற்படைக்கு வரவிருக்கின்றன. 30 மணி நேரத்துக்கும் மேல் வானில் நிற்கக்கூடியவை. அமைதிக் காலத்தில் மலாக்கா வாயை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்க இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. போர் வந்தால், எதிரியின் போர் விமானத்திடமிருந்து மெதுவாகப் பறக்கும் அந்த விமானம் தப்ப முடியாது. அதைக் காக்கும் விமானம் தஞ்சையிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரம் ஆகும். அந்தமான் நிகோபாரின் தென்கோடியில் காம்ப்பெல் விரிகுடாவில் இருக்கும் ஐஎன்எஸ் பாஸ் ஓடுதளத்தைப் பெரிதாக்கினால் போதும் என்பது கரைத்தளக் கட்சியின் பதில். அந்த ஓடுதளத்தின் இருப்பிடம் எதிரிக்கு மீட்டர் கணக்கில் தெரியும், நகரும் கப்பலை அவன் தேடித்தான் ஆக வேண்டும் என்பது மறுகட்சியின் பதில். விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆதரவாக இதுவரை நான் கேட்டவற்றில் மிக வலுவான வாதம் இந்த ஒன்றுதான். அதை எதிர்ப்பவர்கள் இதற்குத்தான் விடை தேட வேண்டும்.