உயரமாக வேண்டுமென்று வாலிபாலுக்கு அனுப்பாதீர்கள்

வாலிபால் ஆடுவதால் பிள்ளை உயரமாக மாட்டான். காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இந்தக் கோடை விடுமுறையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த பையன்களைப் பார்த்தபிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கடைசியாக வந்தவன் எட்டாம் வகுப்பு. முட்டிச் சில்லுக்குக் கீழே புடைத்திருக்கிறது, விரல் வைத்தாலே காலை இழுத்துக்கொள்கிறான். சாயங்காலம் மைதானத்தில் ஆடுவது போதாதென்று, காலையில் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு குதிக்க விட்டிருக்கிறார்கள். கூட வந்த அப்பத்தா, "நல்லெண்ணெய் காய்ச்சி நல்லா நீவி விட்டேன் தம்பி, வத்தவே மாட்டேங்குது" என்கிறார். நீவினால் எப்படி ஆச்சி வற்றும்? தொடைத் தசையின் இழுவை முழுக்க அந்த இடத்து எலும்பில்தான் போய் முடிகிறது, வளரும் வயதில் அது இன்னும் முற்றவில்லை, குதிக்கக் குதிக்க இழுபடுகிறது. ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை, வளர்த்தி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் வலி இருக்கும்வரை குதிப்பதைக் குறைத்தே ஆகவேண்டும். 'வலியோடு ஆடினால்தான் பழகும்' என்று சொல்லும் சித்தப்பாமார்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

சரி, உயரக் கதைக்கு வருவோம். "டிவியில பாருங்க சார், வாலிபால் ஆடுறவன் எல்லாம் பனைமரம் மாதிரி நிக்கிறான்" என்பார்கள். நிற்பான்தான். ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. அதற்கு மேலே கை நீட்டி அடிக்கவும் மறிக்கவும் வேண்டும் என்பதால் உயரமானவனாகத் தேடிப் பிடித்து அணியில் சேர்க்கிறார்கள். அவன் ஆடியதால் உயரவில்லை, உயரமாக இருந்ததால் ஆட வந்தான். ஜிம்னாஸ்டிக்ஸில் குட்டையானவர்களே நிறைய இருக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான், குட்டிக்கரணம் போட்டு யாரும் குறுகிப்போகவில்லை. உயரம் பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, மிச்சம் சாப்பாடு, தூக்கம், சின்ன வயதில் பெரிய நோய்நொடி இல்லாமல் இருப்பது. எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் கம்பியில் தொங்கினாலும், ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பவுடர் வாங்கிக் கரைத்துக் குடித்தாலும், கடைக்காரர்தான் வளர்வார். குதித்தால் எலும்பு உறுதியாகும், அது உண்மை. உறுதியாவது வேறு, நீள்வது வேறு. இவ்வளவும் கேட்டுவிட்டு "ஒரு ரெண்டு இஞ்சாவது?" என்று இழுப்பார்கள். வராதுங்க.

குட்டையான பையனுக்கும் இந்த ஆட்டத்தில் இடம் இருக்கிறது. 1998இல் லிபரோ என்று ஓர் ஆளை விதியிலேயே சேர்த்தார்கள். வேறு நிறச் சட்டையோடு பின்வரிசையில் மட்டும் நின்று, எதிராளி அடிப்பதைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அதற்கு உயரம் வேண்டாம், கண்ணும் காலும் வேகமாக இருந்தால் போதும்.

எனக்கு வேடிக்கையாக இருப்பது இதுதான். 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் என்ற ஊரில், ஒய்எம்சிஏ-வில் இருந்த வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உண்டாக்கியதே, கூடைப்பந்தின் ஓட்டமும் இடிபாடும் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக. நடுவில் வலை இருப்பதால் எதிராளி வந்து மோத மாட்டான். அப்படிப் பார்த்தால், பகலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்துவிட்டு முதுகு வலி, சர்க்கரை என்று வரும் கல்லுக்கட்டிக் கடைவீதி அண்ணன்மார்தான் முதலில் ஆட வேண்டும். அவர்களோ மகனை அனுப்பிவிட்டு பைக்கில் சாய்ந்து நிற்கிறார்கள்!

பிள்ளைக்குக் கிடைப்பதும் கொஞ்சமில்லை. மூன்று தொடுதலுக்குள் பந்தை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், வலையில் மறித்த தொடுதலைக் கணக்கில் சேர்க்காமல், ஒருவனே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் தனியாக ஆட முடியாது. சர்வீஸ் திரும்பக் கிடைக்கும்போதெல்லாம் இடம் மாற வேண்டும், ஆக ஸ்மாஷ் அடிப்பவனும் பின்னால் போய்ப் பந்து எடுத்தாக வேண்டும். வாய் திறக்காத பையன்கூட 'எனக்கு!' என்று கத்திப் பழகிவிடுவான், இல்லையென்றால் பந்து இருவருக்கும் நடுவில் விழும்.

ஆட விடுங்கள், ஆனால் சிமெண்டிலும் டைல்ஸிலும் வேண்டாம். நம் ஊர்ச் செம்மண் தரை போதும், பொடிக்கல்லைப் பொறுக்கிவிட்டு நல்ல ஷூ போட்டு ஆடட்டும். இறங்கும்போது இரண்டு காலிலும், முட்டியை மடக்கி இறங்கச் சொல்லிக் கொடுங்கள். வலையடியில் அடுத்தவன் பாதத்தின் மேல் இறங்கித்தான் கணுக்கால் அதிகம் பிசகுகிறது. பிசகினால் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். பந்து பட்டு விரல் வீங்கினால் யாரும் பிடித்து இழுக்க வேண்டாம், சொடக்கும் எடுக்க வேண்டாம், எலும்பு முறிந்திருக்கலாம்.

முட்டி வலிப்பவனை வீட்டில் கட்டிப் போட வேண்டியதில்லை. ஸ்மாஷையும் பிளாக்கையும் நிறுத்திவிட்டு, நின்றபடி பாஸ் கொடுத்துப் பழகட்டும். ஆனால் முட்டி வலி ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது, இல்லை வீக்கம் கூடிக்கொண்டே போகிறது, இல்லை காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது என்றால் எண்ணெயைத் தொடவே தொடாதீர்கள். என்னிடமும் வர வேண்டாம், நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள், அன்றைக்கே.