கிசான் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது?

நான் வேலை பார்ப்பது கிராமப்புற வங்கிக் கிளை ஒன்றில். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை விடுவித்த மறுநாள் பாஸ்புக் பதிய வரிசை வாசலைத் தாண்டும். அதில் சிலருக்கு 2,000 ரூபாய் ஏறியிருக்காது. "ஆதார் லிங்க் பண்ணியாச்சே சார்?" என்பார்கள். பண்ணியிருப்பார்கள்தான்.

வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணம் போக வழிசெய்யும் தேசிய நிறுவனம்) பட்டியலில் ஏற்றுவது இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான். கடைசியாகச் சேர்த்ததுதான் செல்லும். நூறு நாள் வேலைக் கூலிக்கு வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, அங்கே ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்திருந்தால், கிசான் பணமும் அங்கேதான் போகும். 2017-இல் ஒரு செல்போன் நிறுவனத்தின் பேமெண்ட்ஸ் வங்கிக்குப் பலருடைய சிலிண்டர் மானியம் அவர்களுக்கே தெரியாமல் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். ஆகவே பணம் காணோம் என்றால் உடனே வேளாண் அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். செல்போனில் *99*99*1# அழுத்திப் பாருங்கள், அல்லது மைஆதார் தளத்தில் பாருங்கள். வங்கியின் பெயர் வந்துவிடும். மாற்ற வேண்டுமானால் எங்களைப் போன்ற கிளையில் ஒரு படிவம், அவ்வளவுதான்.

அது சரியாக இருந்தும் வரவில்லையா? ஆதாரை வைத்து ஆளை உறுதிசெய்யும் இ-கேஒய்சி முடித்தீர்களா என்று பாருங்கள். அப்புறம் பட்டா. நிலம் 1.2.2019 அன்று உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்பா இறந்த பின்பும் அவர் கணக்கில் விழும் தவணையை ஏ.டி.எம்.மில் எடுத்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பட்டாவை மாற்றிக்கொண்டு உங்கள் பெயரில் விண்ணப்பிப்பதுதான் வழி. கணவன், மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தாலும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கடைசியாக முடிந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவருக்கு இல்லை.

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் என்ன செய்வது? இந்தத் திட்டத்தில் அவருக்கு இடமே இல்லை. சேற்றில் இறங்குபவரை விட்டுவிட்டுப் பட்டாவைப் பார்த்துக் கொடுக்கும் திட்டம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் விதி அதுதான்.

இன்னொன்று, புரோக்கர். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நிலமே இல்லாதவர்களை விவசாயி என்று பதிந்து பணம் வாங்கிக் கொடுத்தார்கள். மாநிலம் முழுவதும் 100 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அதிகாரிகளின் பாஸ்வேர்டே வெளியாட்கள் கையில் இருந்தது. ஆதாரையும் பாஸ்புக் நகலையும் நீட்டிய கூலிக்காரர்களின் கணக்குகள்தான் முடங்கின. பணத்தையும் அவர்களிடமிருந்தே பிடித்தார்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு (செல்போனில் செயலியை ஏற்றும் கோப்பு) சுற்றுகிறது. அதை நிறுவினால் ஓ.டி.பி. அடுத்தவருக்குப் போய்விடும். நிறுவிவிட்டீர்கள் என்றால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து உங்கள் வங்கிக்கும் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள். திட்டம் பற்றிய சந்தேகத்துக்கு 155261.