பேனிக் அட்டாக்ல மூச்சு முட்டுறப்போ ரத்தத்துல ஆக்சிஜன் குறையல, குறையுறது வேற ஒண்ணு

"அண்ணா, மெஜஸ்டிக்ல பர்ப்பிள் லைன் மாறி ஏறுனேன், கதவு சாத்துனதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மூச்சு முட்டுது, விரலெல்லாம் மரத்துப்போச்சு, வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு, செத்துருவோம்னே நினைச்சேன், ஆஸ்பத்திரிக்கு ஓடுனா ஈசிஜி நார்மல், ஆக்சிஜன் 99, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஒண்ணுமில்லன்னா விரல் ஏன் மரத்துச்சு?"

பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இருந்து டெய்லி மெட்ரோல வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போற ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. எவ்வளவு சரியான கேள்வி பாருங்க! இதயத்துல ஒண்ணுமில்லங்குறது உண்மை, ஆனா அந்த சில நிமிஷம் அவங்க ரத்தத்துல நிஜமாவே ஒரு கெமிஸ்ட்ரி மாறியிருக்கு, அதை யாரும் உக்காந்து சொல்லல.

இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். அட்ரினலின் ஏறும், இதயம் வேகமா அடிக்கும், வியர்க்கும், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அதுல நிக்க வேணாம். அதோட சேர்ந்து மூச்சும் வேகமாகும், எனக்குப் பிடிச்ச கதை அங்க தான் ஆரம்பிக்குது.

மூச்சு விடணும்ங்குற உந்துதல் ஆக்சிஜன் குறையுறதால வருதுன்னு தான் நம்மள்ல முக்காவாசிப் பேரு நினைச்சுக்கிட்டு இருக்கோம். சாதாரண நேரத்துல மூளைத்தண்டு பாக்குறது முக்கியமா கார்பன் டை ஆக்சைடு அளவைத் தான், இதை 1905லயே ஹால்டேன், பிரீஸ்ட்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க காமிச்சுட்டாங்க. ரத்தத்துல அதோட அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம் பக்கத்துல இருக்கணும், கொஞ்சம் ஏறுனா மூச்சு கூடும், இறங்குனா குறையும். ஆக்சிஜன் அப்படி இல்ல, சும்மா உக்காந்திருக்கும்போதே நம்ம ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட ஃபுல்லா தான் இருக்கு, கொரோனா டைம்ல வாங்கி இன்னும் பீரோவுல கிடக்குற ஆக்சிமீட்டரை மாட்டிப் பாருங்க 97, 98ன்னு காட்டும், அதுக்கு மேல எவ்வளவு வேகமா மூச்சு இழுத்தாலும் ஏத்துறதுக்கு இடமே இல்ல. ஆனா வெளிய போற கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த மாதிரி தடை கிடையாது, ஒவ்வொரு மூச்சுலயும் கூடக் கூட போய்க்கிட்டே இருக்கும். பயத்துல ஒரு ரெண்டு நிமிஷம் வேகமா மூச்சு விட்டாலே 40 இருந்தது 25 பக்கம் இறங்கிடலாம்.

இறங்குனா என்ன ஆகும்? கார்பன் டை ஆக்சைடு தண்ணியில கரைஞ்சா கார்பானிக் அமிலம், கோலி சோடாவுல இருக்குறதும் அது தான். அது குறைஞ்சா ரத்தத்துல அமிலத்தன்மை குறையும், அமிலம் குறையக் குறைய ஏறுற அளவுகோலான பிஹெச் 7.4ல இருந்து 7.5, அதுக்கு மேலயும் ஏறும். பாயிண்ட் ஒண்ணு தானேன்னு விட்டுடாதீங்க, உடம்புக்கு அது பெரிய மாற்றம்.

இப்ப விரலுக்கு வருவோம். ரத்தத்துல இருக்குற கால்சியத்துல ஏறக்குறைய பாதி தான் ஃப்ரீயா சுத்தும், மீதியில பெரும்பகுதி ஆல்புமின்ங்குற புரதத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆல்புமின்ல கால்சியம் உக்காருற அதே இடத்துக்கு அமிலத்துல இருந்து வர்ற ஹைட்ரஜன் அயனியும் போட்டி போடும். அமிலம் குறைஞ்சா ஹைட்ரஜன் எழுந்து போயிடும், அந்தக் காலி இடத்துல கால்சியம் போய் உக்காந்துடும். மொத்த கால்சியம் ஒரு துளி குறையல, அதனால லேப்ல அதை அளந்தா நார்மல்னு தான் வரும், ஆனா ஃப்ரீயா சுத்துற கால்சியம் குறைஞ்சுபோச்சு. நரம்போட சோடியம் கதவுகள் கண்டபடி திறக்காம பாத்துக்குறது இந்த ஃப்ரீ கால்சியம் தான். அது குறைஞ்சதும் தொடாமலே நரம்பு தானா சிக்னல் அனுப்ப ஆரம்பிக்கும், விரல் நுனியிலயும் உதட்டைச் சுத்தியும் ஊர்றது அதனால தான், ரொம்ப அதிகமானா கை விரலெல்லாம் இறுகி மடங்கிக்கும். நுரையீரல்ல ஆரம்பிச்ச ஒண்ணு ஆல்புமின் வழியா சுண்டு விரலுக்கு வந்து சேருது, எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இது அலுக்கல!

தலை சுத்துறதும் அதே கார்பன் டை ஆக்சைடு வேலை தான். அது குறைஞ்சா மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும், ஒரு மில்லிமீட்டர் இறங்குனா ரத்த ஓட்டம் 3 சதவீதம் கிட்ட குறையும், அப்போ 15 மில்லிமீட்டருக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போடுங்க. இது போதாதுன்னு ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சுக்கும், இதுக்கு "போர் விளைவு" (Bohr effect)ன்னு பேரு, 1904ல வந்தது, கண்டுபிடிச்ச விஞ்ஞானி கிறிஸ்டியன் போர் தான் அணுவோட மாடலைச் சொன்ன நீல்ஸ் போரோட அப்பா. ஆக, மூச்சு கூடக் கூட மூளைக்குக் கிடைக்குற ஆக்சிஜன் குறையுது, மீட்டர் மட்டும் 99 காட்டுது.

அப்புறம் ஏன் காத்து பத்தாத மாதிரி இருக்கு? பயத்துல நாம மேல் நெஞ்சால மூச்சை இழுத்துக்கிட்டே இருக்கோம், முழுசா வெளிய விடுறதில்ல, ஏற்கனவே நிறைஞ்ச நெஞ்சுல இன்னும் இழுக்கப் பாத்தா உள்ள போகாது, அது தான் முட்டுறது. மூச்சு முட்டுதுன்னு பயம், பயத்துல இன்னும் வேகமா மூச்சு, உடனே விரல் மரத்துப்போச்சு, இது ஹார்ட் அட்டாக் தான்னு மனசு முடிவு பண்ணிடும். உடம்புல வர்ற சாதாரண மாற்றத்தை உயிர் போற ஆபத்தா எடுத்துக்குறது தான் இதோட மையம்னு 1986ல டேவிட் கிளார்க்ங்குற சைக்காலஜிஸ்ட் சொன்னாரு, இன்னைக்கு இருக்குற சிகிச்சையில நிறைய அதுல இருந்து வந்தது தான்.

ஒரு ஆராய்ச்சியைச் சொல்லாம போக மனசு வரல. அமெரிக்காவுல எஸ்.எம்.ன்னு மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மா, ஒரு அபூர்வ நோயால மூளையில பயத்தைக் கவனிக்குற அமிக்டலாங்குற பகுதி ரெண்டு பக்கமும் போச்சு, பாம்பு பயம் காட்டல, பேய்ப்படம் பயம் காட்டல. அவங்களுக்கு, இங்க குறைக்காம நேர் எதிரா ஏத்துறதுக்கு, மாஸ்க் வழியா 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்தை ஒரே ஒரு மூச்சு கொடுத்தாங்க, அவ்வளவு தான், பேனிக் ஆகி மாஸ்க்கைப் பிடுங்கப் போயிட்டாங்க. 2013ல வந்த ஆய்வு. அமிக்டலா தான் பயத்தோட இடம்னு படிச்ச நமக்கு, மூச்சுத் திணறலுக்குன்னு அதைத் தாண்டி வேற ஒரு அலாரமும் உள்ள இருக்குன்னு இது காட்டுது.

நம்ம வீடுகள்ல இப்படி ஆச்சுன்னா திருஷ்டி, காத்து கருப்பு, தாயத்துன்னு போறாங்க. விபூதி பூசுனதும் சரியாச்சேன்னு அத்தை கேப்பாங்க. பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா இறங்கிடும், அந்த நேரத்துல எதைச் செஞ்சாலும் அதுக்குத் தான் பேரு கிடைக்கும். சாமி கும்பிடுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ஆனா பேய் ஓட்டுறேன்னு ஒரு பொண்ணை அடிக்கிறதையும் ஆயிரக்கணக்குல காசு பிடுங்குறதையும் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

"நல்லா இழுத்து மூச்சு விடுமா"ன்னு பக்கத்துல இருக்குறவங்க சொல்ற வைத்தியம் இப்ப ஏன் தப்புன்னு புரிஞ்சிருக்கும். இழுக்குறது சின்னதா மூக்கு வழியா, விடுறது மெதுவா, நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க. பேப்பர் பைக்குள்ள மூச்சு விடுற பழைய டெக்னிக் வேணாம், நிஜமாவே இதயமோ ஆஸ்துமாவோ பிரச்சனையா இருந்தா ஆபத்து. முதல் தடவை நெஞ்சு வலி வந்தா எந்த யோசனையும் இல்லாம டாக்டரைப் பாருங்க, அதுல சமரசமே கிடையாது.

ஆனா மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. மெட்ரோ வேணாம் பஸ்ல போறேன்னு ஆரம்பிக்கும், அப்புறம் பஸ்ஸும் வேணாம், வொர்க் ஃப்ரம் ஹோம், கடைசியில தெருமுனை கடைக்கே துணை தேவைப்படும், தவிர்க்குற ஒவ்வொரு தடவையும் மூளை "தப்பிச்சோம்"னு தான் எழுதி வச்சுக்கும். அதனால சிபிடிங்குற, எண்ணத்தையும் நடத்தையையும் மாத்துற சிகிச்சையில நேர் எதிரா போவாங்க, சைக்காலஜிஸ்ட் முன்னாடி உக்கார வச்சு வேணும்னே ஒரு நிமிஷம் வேகமா மூச்சு விடச் சொல்வாங்க, மெல்லிசு ஸ்ட்ரா வழியா மூச்சு விடச் சொல்வாங்க, சுத்துற நாற்காலியில சுத்தி விடுவாங்க. அதே மரத்துப்போறது, அதே தலைசுத்தல் வரும், ஒண்ணும் ஆகாதுன்னு உடம்பே கத்துக்கும். வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா இருக்குறவங்களும் கர்ப்பிணிகளும் இதை வீட்ல தானா முயற்சி பண்ணக்கூடாது. மாத்திரையும் உண்டு, வேலை செய்ய சில வாரம் ஆகும், நீங்களா நிறுத்தாதீங்க.

பெங்களூருல இருந்துக்கிட்டு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியைத் தெரியாதவங்க கிடையாது, ஆனா அங்க போனாலே பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து போகாதவங்க நிறைய. 2015-16ல அவங்க எடுத்த தேசிய மனநல சர்வேயில, சிகிச்சை கிடைக்காதவங்க நோயைப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் வரைக்கும்னு வந்துச்சு. இப்படி இருக்கும்போது சுகாதார பட்ஜெட்ல மனநலத்துக்கு சுமார் 1 சதவீதம் ஒதுக்குறது எந்த விதத்துல நியாயம்? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலயும் ஒரு சைக்காலஜிஸ்ட் போஸ்டாவது போடணும், "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்புறதுக்குப் பதிலா பத்து நிமிஷம் விளக்கிச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

இப்போதைக்கு டெலி மானஸ்ங்குற அரசு மனநல ஹெல்ப்லைன் இருக்கு, நம்பர் 14416, 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது, ஃப்ரீ, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அதோட தங்கச்சி, தைராய்டு கூடுனாலும் இதே படபடப்பு வரும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், அதை முதல்ல பாத்துருங்க.