நிகுன் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

யூதர்களின் இசையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் சீக்கிரமே எதிர்ப்படும் சொல் நிகுன். எபிரேயத்திலும் இத்திஷ் மொழியிலும் புழங்குகிறது. பன்மை நிகுனிம். 'யூத பக்திப் பாடல்' என்று மொழிபெயர்த்துவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் ஏராளமான நிகுன்களில் பாடல் என்று சொல்ல ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. நிகுனின் வேருக்கு நரம்புக் கருவியை மீட்டுதல், வாசித்தல் என்று பொருள். சவுல் ராஜாவின் மனக்கலக்கம் தீர தாவீது சுரமண்டலத்தை எடுத்துத் தன் கையால் வாசித்தான் என்று சாமுவேல் ஆகமம் சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது இந்த வேர்தான். எலிசா தீர்க்கதரிசி ஒரு வாத்தியக்காரனை வரவழைத்து, அவன் வாசிக்க வாசிக்க அருள்வாக்குப் பெறும் இடத்திலும் அதே வேர்.

தமிழ் வேதாகமம் வாசிப்பவர்களுக்கு இச்சொல்லின் உறவுக்காரி ஒருத்தியை ஏற்கெனவே தெரியும். நாலாம் சங்கீதத்தின் தலைப்பில் 'நெகினோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க' என்று வருகிறதே, அந்த நெகினோத் இதே வேரில் பிறந்தது. நரம்புக் கருவிகளின் இசை என்பது அதன் பொருள். தமிழில் தந்தவர்கள் அதை ஒரு வாத்தியத்தின் பெயராகக் கொண்டு அப்படியே வைத்துவிட்டார்கள்.

சரி, கையால் மீட்டுவதைச் சொன்ன வேர் வாயால் பாடும் மெட்டுக்கு எப்படிப் பெயரானது? கி.பி. 70-ல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். ஆலயத்தோடு அங்கே முழங்கிய வாத்தியங்களும் போயின. வாராந்தர ஓய்வுநாளான சனிக்கிழமையில் வாத்தியம் வாசிக்கக்கூடாது என்பதும் ரபிகளின், அதாவது யூத சமய குருமாரின், விதி. ஆக, ஜெப ஆலய வழிபாட்டுக்கு மிஞ்சியது குரல் ஒன்றுதான். காலப்போக்கில் நிகுன் என்பதற்கு மெட்டு, பாடும் முறை என்ற பொருள் நிலைத்தது. வேதத்தை ராகமாக ஓதும் முறையையும் அப்படிச் சொல்வார்கள்.

இன்று அந்தச் சொல்லோடு சேர்ந்து நினைவுக்கு வரும் தனிப்பொருளைத் தந்தவர்கள் ஹசிதிய யூதர்கள். 18-ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில் உள்ள மெட்ஜிபிஜ் ஊரைச் சேர்ந்த பால் ஷெம் தோவ் தொடங்கிவைத்த பக்தி இயக்கம் அது. கற்றறிந்த ரபிக்கு மட்டும்தானா கடவுள், எழுத்து வாசிக்கத் தெரியாத வண்டிக்காரனுக்கு இல்லையா என்ற கேள்வி அதன் அடியில் இருந்தது. மெட்டுக்குப் படிப்பு தேவையில்லை. அதனால் ஹசிதியர்கள் சொற்களை விலக்கிவிட்டு மெட்டையே வழிபாடாக்கினார்கள். 'யா-பா-பம்', 'ஆய்-தாய்-தாய்' என்று பொருளற்ற அசைகளில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள்.

ஓய்வுநாளின் மூன்றாம் உணவு வேளை இதற்குப் பேர்போனது. பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். ஓய்வுநாள் முடியும்வரை விளக்கேற்றக்கூடாது என்பதால் அறை மெல்ல இருட்டிக்கொண்டே வரும். ரொட்டித் துணுக்குகள் சிதறிய நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் தாழ்ந்த குரலில் மெட்டை எடுப்பார். அடுத்த சுற்றில் பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். அதற்கும் அடுத்ததில் மேசையில் தாளம் விழும். முகம் தெரியாத இருட்டில் குரல்கள் மட்டும் இருக்கும். உருக்கமாக இழுத்துப் பாடுவதற்கு 'தெவேகுத்' (கடவுளோடு ஒன்றுதல்) நிகுன், ஆடுவதற்கு வேறு, அணிநடைக்கு வேறு என்று வகைகள் உண்டு. ஹசிதியர்களில் ஒரு பிரிவான ஹபாத் மரபின் முதல் குரு ஷ்னேயுர் சல்மான் (1745–1812) அமைத்த நிகுனுக்கு நான்கு பகுதிகள், யூத மறைஞான மரபான கபாலா சொல்லும் நான்கு உலகங்களுக்கு ஒன்றாக. அதைத் திருமணம் போன்ற விசேஷ நேரங்களில் பாடுவார்கள்.

நிகுனுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் ஹசிதியர்கள் வியப்பூட்டும் அளவுக்குத் தாராளமானவர்கள். நெப்போலியன் படையின் அணிநடை மெட்டு ஒன்றை ஹபாத் யூதர்கள் எடுத்துக்கொண்டு, வருடத்தின் மிகப் புனிதமான நாளான யோம் கிப்பூரின் முடிவில் இன்றும் பாடுகிறார்கள். ஹங்கேரியில் காலிவ் ரபி ஆட்டிடையன் ஒருவனிடம் காசு கொடுத்து ஒரு காதல் பாட்டை வாங்கினார், வாங்கிய நொடியில் பையனுக்கு அது மறந்துபோனது என்று ஒரு கதை உண்டு. எங்கோ சிறைப்பட்டுக் கிடக்கும் மெட்டை மீட்டுப் புனிதத்துக்குத் திருப்புகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை.

இந்த மரபை மேடைக்கும் தெருவுக்கும் கொண்டுவந்தவர் ரபி ஷ்லோமோ கார்லபாக். 1925-ல் பெர்லினில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக ரபிகள் உள்ள குடும்பம். வியன்னாவுக்கு அருகே பாடன் ஊரில் அப்பா தலைமை ரபி. 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும் குடும்பம் வெளியேறி, அடுத்த ஆண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. ஹாம்பர்க்கில் தலைமை ரபியாக இருந்த பெரியப்பா யோசேப் கார்லபாக் தப்பவில்லை. 1942-ல் ரிகாவுக்கு அருகே காட்டில் சுட்டுக் கொன்றார்கள். ஷ்லோமோ யெஷிவா எனப்படும் கண்டிப்பான சமயப் பள்ளிகளில், யூதச் சட்ட விவாத நூலான தால்முத் படித்தார். 1949-ல் ஹபாத் இயக்கம் அவரைக் கல்லூரி வளாகங்களுக்கு அனுப்பியது. பிறகு இயக்கத்திலிருந்து விலகி, கித்தார் கற்றுக்கொண்டு, 1959-ல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். 1966-ல் பெர்க்லி நாட்டுப்புற இசைவிழாவில் பாடினார். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில், ஹிப்பி இளைஞர்களுக்காக 'அன்பும் தொழுகையும் உள்ள வீடு' என்ற பெயரில் ஓரிடம் திறந்தார்.

எனக்கு இதில் பிடித்தது, மீட்டுதல் என்று பிறந்த சொல் அவர் கையில் மறுபடி நரம்புக் கருவியோடு சேர்ந்ததுதான். ஓய்வுநாளில் கித்தாரைத் தொடமாட்டார். மற்ற நாட்களில் அது தோளைவிட்டு இறங்காது.

அவர் மெட்டு ஒன்று போராட்டப் பாட்டாகவும் ஆனது, இனி அதற்கு வருவோம். சோவியத் ஒன்றியத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள். எபிரேயம் கற்பிக்க முடியாது, ஜெப ஆலயங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, நாட்டைவிட்டுப் போகவும் வழியில்லை. 1964-ல் யாக்கோப் பிர்ன்பாம் என்பவர் நியூயார்க்கில் சோவியத் யூதர்களுக்கான மாணவர் போராட்ட அமைப்பைத் தொடங்கினார். ஊர்வலத்தில் பாட ஒரு பாட்டு வேண்டும் என்று அவர் கார்லபாக்கைக் கேட்டுக்கொள்ள, 1965-ல் பிறந்தது 'அம் யிஸ்ராயேல் ஹை'.

மூன்றே சொற்கள்: இஸ்ரவேல் மக்கள் உயிரோடிருக்கிறார்கள். இந்த முழக்கம் அவருக்கு முன்பே உண்டு. 1945 ஏப்ரலில், விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் முகாமில் பிபிசி செய்த ஒலிப்பதிவில், பிரிட்டிஷ் படையின் யூத குரு இதையே உரத்துச் சொல்வது கேட்கும். கார்லபாக் மெட்டமைத்ததோடு ஒரு வரியும் சேர்த்தார்: 'ஓத் அவீனு ஹை'. எகிப்தில் யோசேப்பு தன் சகோதரர்களிடம் தன்னை வெளிப்படுத்தியதும், 'என் தகப்பனார் இன்னும் உயிரோடே இருக்கிறாரா' என்று கேட்கிறானே, ஆதியாகமத்தின் அந்தக் கேள்வியை எடுத்து, 'நம் தகப்பன் இன்னும் உயிரோடிருக்கிறார்' என்று பதிலாகத் திருப்பிவிட்டார். பிரிந்து கிடக்கும் சகோதரர்களுக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. வாதம், வசை, அரசின் பெயர் எதுவும் கிடையாது. நிகுனைப் போலவே இரண்டு சுற்றில் யாரும் கற்றுக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும் பாடலாம். ஊர்வலத்துக்கு வேறென்ன வேண்டும்? நியூயார்க்கில் மாணவர்கள் பாடினார்கள். மாஸ்கோவில், சிம்ஹாத் தோரா பண்டிகை இரவில் ஜெப ஆலயத் தெருவில் துணிந்து கூடிய இளைஞர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது.

கார்லபாக் 1994 அக்டோபரில் இறந்தார். வெள்ளி மாலைத் தொழுகை முழுவதையும் அவர் மெட்டுகளிலேயே நடத்தும் ஜெப ஆலயங்கள் பல நாடுகளில் உண்டு. ஆனால் இன்னொரு உண்மையையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1998-ல் லிலித் என்ற யூதப் பெண்கள் இதழ், அவர் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாகப் பெண்கள் கூறியவற்றை வெளியிட்டது. சிறுமியாக இருந்தபோதே நடந்ததாகச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. 2018-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் சினகாக் என்ற ஜெப ஆலயம் ஓராண்டுக்கு அவர் மெட்டுகளைப் பாடுவதில்லை என்று முடிவெடுத்தது. மெட்டை எங்கிருந்தும் எடுத்துப் புனிதமாக்கலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இது கடினமான சோதனை. நெப்போலியன் மெட்டைப் பாடும்போது எதிரில் யாரும் காயப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. இங்கே அந்தப் பெண்கள் அதே ஜெப ஆலயங்களில் இருக்கக்கூடும். மெட்டு அழகாக இருப்பது அவர்கள் சொன்னதை மூடிமறைக்கக் காரணமாகக்கூடாது என்பது என் கருத்து.

இப்போது தமிழ்ச் சொல். ராகம் ஒத்துவராது. ஒரு ராகத்தில் ஆயிரம் பாட்டு பிறக்கும், நிகுனோ ஒரு குறிப்பிட்ட அமைப்பு. தேவாரப் பண்ணுக்கும் இதே தடைதான். ஆலாபனையில் சொல் இல்லை என்பது உண்மை, ஆனால் அது தனி வித்வான் அந்த நேரத்துக் கற்பனையில் விரிப்பது. நிகுன் முன்பே அமைந்தது, கூடிப் பாடுவது. தில்லானாவின் ஜதிகள் ஆசை காட்டும், எனினும் அதன் இடம் கச்சேரியும் நாட்டியமும். தத்தகாரம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் பாடலாசிரியருக்கு 'தனன தனன' என்று சந்தம் சொல்லும்போது வரவேண்டிய சொல்லுக்கு இடம் பிடித்துவைக்கிறோம். நிகுனில் 'யா-பா-பம்' எதற்காகவும் காத்திருக்கவில்லை.

எனவே மெட்டு என்பதே சரி என்று நினைக்கிறேன். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகளிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று தலைப்பில் குறிப்பு இருக்கும். ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு, ஒரு சமயத்திலிருந்து இன்னொரு சமயத்துக்கு மெட்டு குடிபெயர்வது நமக்கும் பழக்கம்தான். அந்தப் பொருளெல்லாம் 'பாடல்' என்று எழுதினால் போய்விடும். பொதுவாக மெட்டு என்றும், ஹசிதியர்கள் வெறும் அசைகளில் பாடுவதைக் குறிக்கும்போது சொல்லில்லா மெட்டு என்றும் எழுதலாம். மூலச்சொல்லே வேண்டும் என்றால் நிகுன் என்று எழுதுங்கள். இரட்டைக் ககரம் போட்டு நிக்குன் என்றால் உச்சரிப்பு வல்லினமாகிக் கெட்டுவிடும். பன்மைக்கு நிகுன்கள் போதும், எபிரேயப் பன்மையான நிகுனிம் தமிழ் வாக்கியத்தில் உறுத்தும். 'அம் யிஸ்ராயேல் ஹை' போலச் சொற்களோடு வருவதைச் சொல்லில்லா மெட்டு என்று எழுதிவிடாதீர்கள். அதற்குக் 'கார்லபாக் மெட்டமைத்த பாட்டு' என்று பெயரோடு எழுதுவதே முறை.