கரையாத பேய், கசியாத கறுப்பு

மாவைத் தேய்த்து, பேய் வடிவ அச்சால் வெட்டி, தட்டில் அடுக்கி ஓவனுக்குள் வைக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திறந்து பார்த்தால், உள்ளே போன பேய் எப்போதும் பேயாகவே வெளியே வருவதில்லை. வௌவாலின் சிறகு நுனி மழுங்கியிருக்கும். சூனியக்காரியின் தொப்பி முனை வழிந்து வட்டமாகியிருக்கும். அக்டோபர் 31 அன்று கொண்டாடப்படும் பேய்த் திருவிழாவான ஹாலோவீனுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் வீடுதோறும் சுடப்படும் இந்த குக்கீகளின் அழகு முழுவதும் ஓரங்களிலும் கோடுகளிலும்தான் இருக்கிறது. கூர் போனால் பயமும் போய்விடும். அதனால் இந்த வேலைக்குள் இருக்கும் அறிவியலை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: எது வழியலாம், எது வழியக் கூடாது? மாவு வழியவே கூடாது. மேலே பூசும் சர்க்கரைக் குழைவான ஐசிங் சற்றே வழிந்து, நாம் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். நிறம் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

இறந்தோரை நினைக்கும் நாளுக்கும் சுட்ட பண்டத்துக்கும் உள்ள உறவு பழையது. நவம்பர் 2-ஆம் தேதி வரும் அனைத்து ஆன்மாக்கள் தினத்தையொட்டி, இங்கிலாந்தில் வீடு வீடாகப் பாடி வந்தவர்களுக்குச் சிறிய ‘சோல் கேக்’குகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் ஹாலோவீன் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகளோடு அமெரிக்காவுக்குப் போய், அங்கே குழந்தைகளின் திருவிழாவாக வளர்ந்தது.

இனி மாவுக்கு வருவோம். ஐரோப்பிய அடுமனைகளில் ‘ஒன்று-இரண்டு-மூன்று’ என்றொரு கணக்கு உண்டு. எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. 100 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா, இவற்றோடு ஒரு மஞ்சள் கரு என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டுப் பேய்களுக்குப் போதும். இந்தக் கலவையில் ஓவனுக்குள் முதலில் இளகுவது வெண்ணெய். அது 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஓவனோ 175 டிகிரியில் இருக்கிறது. ஆகவே தட்டை உள்ளே வைத்த ஓரிரு நிமிடங்களிலேயே மாவைத் தாங்கிப்பிடித்த கொழுப்பு திரவமாகிவிடுகிறது; மாவு இறுகுவதற்கோ இன்னும் பல நிமிடம் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் வடிவம் கலைகிறது.

அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் நம் வேலை. வெட்டிய வடிவங்களைத் தட்டோடு ஃப்ரீசரில் 15, 20 நிமிடம் வைத்துவிட்டு நேராக ஓவனுக்கு மாற்றினால், வெண்ணெய் உருகத் தொடங்கத் தாமதமாகும். அதற்குள் வெளி ஓரம் ஈரம் இழந்து இறுகத் தொடங்கிவிடும். ஓரம் இறுகிவிட்டால் உள்ளே உருகும் கொழுப்புக்கு வெளியே ஓட வழி குறைவு. சமையலறையே 30 டிகிரியில் இருக்கும் ஊர்களில் இந்தக் குளிர்ச்சியைத் தவிர்க்கவே முடியாது. அங்கே பூரிக்கட்டையின் கீழேயே வெண்ணெய் இளகத் தொடங்கிவிடும். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே மாவைத் தேய்த்து, குளிரவைத்து, பிறகு வெட்டுவது நல்லது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் எவ்வளவு நேரம் அடிக்கிறோம் என்பதும் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. சர்க்கரைப் படிகத்தின் கூரான முனைகள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பதிக்கின்றன. கேக்குக்கு அது வரம். அச்சு குக்கீக்கு அது தொல்லை. குமிழி விரிந்தால் மாவு உப்பும், உப்பியது பிறகு அமிழும்போது அகலும். இரண்டும் ஒன்றாகக் கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். சமையல் சோடாவை இந்த மாவில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அது வாயுவை உண்டாக்குவதோடு மாவைக் காரத்தன்மைக்கும் (அமிலத்துக்கு எதிரான தன்மைக்கும்) நகர்த்துகிறது. காரத்தில் புரதங்கள் தாமதமாக இறுகும், மாவு மேலும் பரவும், மேற்பரப்பு சீக்கிரம் சிவக்கும். வெளிறிய பேய்க்கு இவை மூன்றுமே ஆகாது.

சர்க்கரையின் பங்கு பலருக்கு வியப்பாக இருக்கும். அது மாவிலிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பாகாகிவிடுகிறது. சர்க்கரை கூடக்கூட மாவு அதிகம் பரவும். கோதுமை ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி வெந்து கெட்டியாவதால்தான் ரொட்டி உருவம் பெறுகிறது. குக்கீயில் அது நடப்பதில்லை. தண்ணீர் மிகக் குறைவு; இருப்பதையும் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. அதனால் குக்கீயிலுள்ள ஸ்டார்ச் மணிகளில் பெரும்பகுதி வேகாமலே இருந்துவிடுகிறது. ஓவனிலிருந்து எடுத்த குக்கீ ஏன் வளைகிறது, ஆறிய பின் ஏன் மொறுமொறுவென்று உடைகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. சூட்டில் நீர் வற்றிக் கெட்டியான சர்க்கரைப் பாகு, ஆறும்போது படிகமாகாமல், கண்ணாடி போல ஒழுங்கற்று இறுகிய நிலைக்கு, அதாவது கண்ணாடிநிலைக்கு வருகிறது. கூடவே கொழுப்பும் உறைகிறது. அதனால் தொட்டால் மென்மையாக இருக்கிறதே என்று வேகாததாக எண்ணி மறுபடி உள்ளே தள்ளக் கூடாது.

ஓரத்தைக் கெடுக்க இன்னொரு வழியும் உண்டு. மாவை அதிகம் பிசைந்தால் கோதுமைப் புரதமான குளூட்டனின் இழைகள் வலுத்து ரப்பர் போல இழுக்கும். தேய்க்கும்போது இழுபட்ட அந்த இழைகள் சூட்டில் சுருங்கும்; நீளப் பேய் குள்ளப் பேயாகும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் மாவு ஓய்ந்தால் இந்த இறுக்கமும் தளரும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் திரட்டித் திரும்பத் தேய்த்தவற்றில்தான் இந்தச் சுருக்கம் அதிகம் தெரியும். சூனியக்காரி விரல்களை அந்த மிச்ச மாவில் உருட்டிக்கொள்ளலாம். விரல் கோணலாக இருந்தால் இன்னும் பொருத்தம். நகத்துக்கு ஒரு பாதாம் பருப்பை அழுத்தி, கத்தி முதுகால் கணுக்களில் சற்று ஆழமாகவே கீறிவிட வேண்டும், மாவு உப்பும்போது மேலோட்டமான கீறல் மறைந்துவிடும் என்பதால்.

வெள்ளைக் குக்கீ சிவக்காமலிருக்க அடுப்பைச் சற்று தணித்துக்கொள்கிறோம். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் மயார்ட் வினை 140 டிகிரிக்கு மேல் வேகமெடுக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மயார்ட் 1912-இல் விவரித்தது அது. வௌவாலுக்கோ மாவே கறுப்பாக வேண்டும். அதற்கு ‘பிளாக் கோகோ’ இருக்கிறது. இயல்பான கோகோ தூள் அமிலத்தன்மை உடையது, இளம்பழுப்பு. டச்சுக்காரர் வான் ஹூட்டன் 19-ஆம் நூற்றாண்டில் கோகோவைக் காரத்தால் பதப்படுத்தும் முறையைப் பரவலாக்கினார். காரத்தில் கோகோவின் பாலிஃபீனால்கள் மாற்றமடைந்து நிறம் ஆழமாகிறது, கசப்பும் புளிப்பும் தணிகின்றன. அந்தப் பதப்படுத்தலை எல்லை வரை கொண்டுபோனால் கிடைப்பதுதான் பிளாக் கோகோ. அதில் சுட்டால் செயற்கை நிறம் ஒரு துளியும் இல்லாமல் கரிய வௌவால் கிடைக்கும். ஆனால் ஓரம் சிவந்ததா என்று பார்த்து இறக்கும் பழக்கம் இங்கே உதவாது. கடிகாரத்தையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும்.

குக்கீ முழுதாக ஆறிய பிறகு ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கரு, ஐசிங் சுகர், சில துளி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 30 கிராம். அதில் 27 கிராம் போலத் தண்ணீர். 100 கிராம் தண்ணீர் அறை வெப்பத்தில் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். அப்படியானால் இந்தத் தண்ணீர் கரைக்கக்கூடியது 55 கிராம்தான். நாம் போடுவதோ 200 கிராமுக்கு மேல். முக்கால்வாசிச் சர்க்கரை கரையவே இல்லை! ராயல் ஐசிங் என்பது நிறைவுற்ற சர்க்கரைப் பாகில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்படிகங்களின் கூட்டம். அடிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதங்கள் விரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலமாகின்றன. படிகங்களும் குமிழிகளும் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் எந்த நிறமியும் சேர்க்காமலே அது அத்தனை வெண்மையாக இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு விசேஷமான ஒரு குணம் உண்டு. ஓரளவு விசை கொடுக்கும்வரை அது திடப்பொருளாக நிற்கும்; அந்த அளவைத் தாண்டினால் திரவமாக ஓடும். ஐசிங்கை நிரப்பிப் பிதுக்கும் கூம்புப் பையை (பைப்பிங் பை) அழுத்தும்போது ஓடுகிறது, குக்கீயின் மேல் விழுந்ததும் நிற்கிறது. தண்ணீர் கூடக்கூட அந்த எல்லை விசை குறையும். இதை வீட்டில் அளக்க ஒரு கத்தி போதும். கிண்ணத்திலுள்ள ஐசிங்கில் ஒரு கோடு கிழித்து, அது மறைய எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணுங்கள். 20 நொடிக்கு மேல் நின்றால் ஓரம் வரைய ஏற்றது. 10 முதல் 15 நொடிக்குள் மறைந்தால் உட்பரப்பை நிரப்ப ஏற்றது. முதலில் கெட்டி ஐசிங்கால் கரை கட்டி, அதற்குள் இளக்கமானதை ஊற்றுகிறோம். மொத்தப் பதத்தையும் மாற்ற அரைத் தேக்கரண்டித் தண்ணீர் போதுமென்பதால், சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிலந்தி வலை. வெள்ளை ஐசிங்கால் வட்டக் குக்கீயை நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே கறுப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைய வேண்டும். பிறகு பல்குத்தும் குச்சியின் முனையை நடுவில் வைத்து வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் வட்டங்கள் கூர்முனைகளாக நீள்கின்றன, எட்டு இழுப்பில் வலை தயார். இதே கோடுகளைத் தண்ணீரில் மையால் வரைந்து குச்சியால் இழுத்தால் ஒரு நொடியில் எல்லாம் கலங்கிவிடும். ஐசிங்கில் ஏன் கலங்குவதில்லை? அதன் பாகுத்தன்மை மிக அதிகம், நம் இழுப்போ மெதுவானது. அந்நிலையில் சுழல்களே தோன்றுவதில்லை. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இங்கிலாந்து இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் இதை அழகாகக் காட்டினார். இரண்டு உருளைகளுக்கு நடுவே கிளிசரினை நிரப்பி, அதில் ஒரு நிறத்துளியை வைத்து, உள் உருளையைச் சுழற்றினார். துளி இழுபட்டு மறைந்தது. எதிர்த்திசையில் அதே அளவு சுழற்றியதும் துளி மறுபடி உருவெடுத்தது. கலந்ததாகத் தெரிந்தது உண்மையில் கலக்கவில்லை, நீண்டு மெலிந்திருந்தது, அவ்வளவே.

இழுக்கும் திசையும் முக்கியம். மெய்யான வலையில் இரண்டு ஆரங்களுக்கு நடுவிலுள்ள இழை மையத்தை நோக்கி வளைந்திருக்கும். நடுவிலிருந்து வெளியே இழுத்தால்தான் அந்த வளைவு வரும். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் பூ இதழ்கள் கிடைக்கும். இரண்டு நிற ஐசிங்குகளும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். கறுப்பு கெட்டியாக இருந்தால் மேடாக நின்று அறுபடும், நீர்த்திருந்தால் பரவும்.

கறுப்பைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். கடையில் விற்கும் கறுப்பு உணவுநிற ஜெல் பெரும்பாலும் சிவப்பு, நீலம், மஞ்சள் போன்ற சாயங்களின் கலவை. ஒரு சொட்டைக் காபி வடிதாளில் வைத்து, தாளின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறஏற நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து நகரும். குழந்தைகளோடு செய்ய அருமையான சோதனை. இதே பிரிவு குக்கீயிலும் நடக்கிறது. ஐசிங் ஈரமாக உள்ளவரை நீரில் கரையும் சாயம் பக்கத்து வெள்ளைக்குள் விரவி, ஊதாவோ பச்சையோ கலந்த நிழலாகக் கசிகிறது. வெள்ளையைக் கறுப்பாக்க ஏராளமான சாயம் வேண்டும் என்பதால் கசிவும் கறுப்பில்தான் அதிகம். அளவு மீறினால் ஜெல்லிலுள்ள கிளிசரின் போன்ற பொருட்கள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஐசிங்கை உலரவும் விடாது. ஐசிங்கில் முதலில் பிளாக் கோகோ கலந்து கரும்பழுப்பாக்கி, பிறகு கொஞ்சம் ஜெல் சேர்த்து, சில மணி நேரம் மூடிவைத்தால் நிறம் தானாகவே ஆழமாகும். செயலூட்டிய கரித்தூளை (ஆக்டிவேட்டட் சார்கோல்) சேர்ப்பவர்களும் உண்டு, வேண்டாம். வயிற்றில் அது மருந்துகளையும் தன் பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு வேலை செய்யவிடாது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2018-இல் உணவகங்களில் அதன் பயன்பாட்டைத் தடுத்தது.

கசிவைத் தடுக்கும் வழி, மேற்பரப்பை விரைவாக உலர்த்துவது. மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் அரைமணி நேரத்துக்குள் மெல்லிய ஓடு கட்டும், பளபளப்பும் கூடும். உள்வரை உலர எட்டு மணி நேரமாவது ஆகும். வெள்ளைப் பேய்க்குக் கறுப்புக் கண்களை அதற்குப் பின் வைப்பதே நல்லது. சென்னையில் செய்பவர்களுக்குக் கூடுதல் சிரமம் உண்டு. அக்டோபர் கடைசி என்றால் அங்கே வடகிழக்குப் பருவமழை. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டிப் போனால் சர்க்கரைப் படிகம் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். ஏசி ஓடும் அறையில்தான் உலரவைக்க வேண்டும்.

பூசணி முகத்துக்கு ஒளிரும் கண் வேண்டுமென்றால் மாவில் ஓட்டை வெட்டி, பொடித்த ஆரஞ்சு மிட்டாயை நிரப்பிச் சுடலாம். சர்க்கரைப் படிகம் உருக 186 டிகிரி போல வேண்டும். மிட்டாய் ஏற்கெனவே கண்ணாடிநிலையில் இருப்பதால் அதற்கு வெகு முன்பே இளகி ஓட்டையை நிரப்பிவிடும். ஆறும்வரை தட்டிலிருந்து எடுக்கக் கூடாது.

குழந்தைகள் உடனிருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். பச்சை வெள்ளைக்கருவில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். பாஸ்சரைஸ் செய்த வெள்ளைக்கருத் தூள், அதாவது மெரிங் பவுடர், பாதுகாப்பானது. பச்சை மாவை நக்கவும் விடாதீர்கள். மைதாவும் வேகாத பண்டமே. 2016-இல் அமெரிக்காவில் மாவின் வழியாகவே ஈ. கோலி பாக்டீரியாவின் தொற்று பரவியது.

அலங்கரித்தவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் அவற்றின்மேல் நீர்த்துளி படியும், உலர்ந்து நின்ற கறுப்பு மறுபடி நகரத் தொடங்கும். காற்றுப்புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, அறை வெப்பத்திலேயே ஒரு வாரம் வைத்திருக்கலாம்.