காலிலிருந்து வராத இரத்தக் கட்டி

நுரையீரல் தமனியை இரத்தக் கட்டி அடைத்துவிட்டது என்று தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேடும் மருத்துவரின் பார்வை முதலில் நோயாளியின் கால்களுக்குத்தான் போகும். நெடுநாள் படுக்கையில் கிடப்பவரின் கால் சிரைகளில் இரத்தம் தேங்கி உறைந்து, அதிலிருந்து பிய்ந்த துண்டு இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சிக்கிக்கொள்வதே வழக்கமான விளக்கம். கொரோனா நோயாளிகளிடம் இந்த விளக்கம் பாதிதான் பொருந்தியது. ஹாம்பர்க் நகரில் 2020ஆம் ஆண்டு பிணக்கூறாய்வு செய்யப்பட்ட முதல் 12 பேரில் 7 பேருக்குக் கால் சிரைகளில் உறைவு இருந்தது உண்மைதான். ஆனால் வேறு பல நோயாளிகளின் கால்களில் எதுவும் இல்லை, சி.டி. ஸ்கேனில் தெரிந்த அடைப்புகளோ, பெரிய தமனிகளைக் காட்டிலும் அழற்சி கண்ட பகுதிகளின் சிறு கிளைகளிலேயே மிகுதியாக இருந்தன. அந்தக் கட்டிகள் பயணம் செய்து வந்தவையல்ல, அங்கேயே உருவானவை என்ற எண்ணம் வலுப்பட்டது.

காற்று நுண்ணறைக்கும் அதைச் சுற்றியோடும் இரத்த நுண்குழாய்க்கும் இடையிலுள்ள சுவர் மிக மெல்லியது. நுண்ணறையின் செல்களை வைரஸ் தாக்கும்போது எழும் அழற்சி, அந்தச் சுவரைக் கடந்து குழாயின் உட்பூச்சாக அமைந்த செல்களையும் புண்ணாக்குகிறது. நலமாக இருக்கும்வரை, இரத்தம் தம்மீது ஒட்டாமல் பார்த்துக்கொள்வது இச்செல்களின் வேலை. புண்ணானதும் அவை நேர்மாறாக நடந்துகொள்கின்றன: இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும் புரதத்தை வெளிவிடுகின்றன, உறைதலைத் தொடங்கிவைக்கும் காரணிக்கும் வழிவிடுகின்றன. போதாக்குறைக்கு, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தம் டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசுகின்றன. கிருமியைச் சிக்கவைக்க வேண்டிய அந்த வலையில் தட்டணுக்களும், இரத்தக் கட்டியைப் பின்னும் ஃபைப்ரின் என்னும் புரத நூல்களும் மாட்டிக்கொள்ள, நுண்குழாய் அடைபடுகிறது. கொரோனாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களை இன்ஃபுளுவென்சாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நுண்குழாய் உறைவுகள் முன்னவற்றில் 9 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டன. இத்தகைய இடங்களில் நுண்ணறைக்குள் காற்று வந்தாலும், ஆக்சிஜனை ஏற்றிச்செல்ல இரத்தம் வருவதில்லை. அடைபட்ட குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளும் இதயத்தின் வலப்பக்கமும் களைத்துப்போகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வக அறிக்கைகளால் பலருக்கும் பழகிப்போன டி-டைமர், உறைந்த ஃபைப்ரினை உடல் கரைக்கும்போது சிதறும் துணுக்கு. உறைவு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. முதுமையிலும் கர்ப்பத்திலும்கூட அதன் அளவு உயரும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீடுகளில் நடந்த கவலைகள் பலவும் தேவையற்றவை என்றே சொல்ல வேண்டும்.

சிகிச்சையில் கிடைத்த விடை விந்தையானது. 2021ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுச் சோதனைகளில், பொதுப் பிரிவில் இருந்த, நோய் நடுத்தரத் தீவிரத்தில் இருந்த நோயாளிகளுக்கு ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்தை முழு சிகிச்சை அளவில் கொடுத்தது பயன் தந்தது; தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கோ அதே அளவு எந்த நன்மையும் தரவில்லை. ஹெப்பாரின் புதிய உறைவைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே இறுகியதைக் கரைக்காது என்பதை நினைத்தால் இந்த முரண் ஓரளவு விளங்குகிறது. எனவே, பெரிய கட்டி இருப்பது உறுதியாகாதவரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களுக்கு, புதிய உறைவைத் தடுக்க மட்டும் கொடுக்கப்படும் குறைந்த அளவு ஹெப்பாரினே போதும் என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தனர்.